மின்மினியின் அம்மாவுக்காக

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, பதினாறு வருடம் கூடவே குப்பை கொட்டி அலுத்துப்போனவள் சொல்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. யாராவது புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்கு நல்லாயிருக்கா?" என்று அவரைக் கேட்டுவிட்டால் முதலாளி நெளிவார். "பார்வை நல்லாத் தெரியும், ஆனா முகத்துக்கு எடுபடலை" என்று பட்டென்று சொல்லிவிடுவார். இரண்டு முறை பொறுத்துப் பார்த்த முதலாளி, மூன்றாம் முறை அவரைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே தேய்க்கும் இயந்திரத்தோடு நிம்மதியாக இருக்கிறார்.

நான் அவருக்கு நேர் எதிர். பார்சல் கம்பெனி ஒன்றில், பொருள் வந்து சேரவில்லை என்று கொதிப்பவர்களுக்கு சாட்டில் பதில் சொல்கிறேன். அங்கே எனக்குக் கம்பெனி கொடுத்த வேறொரு பேர். "உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது" என்று பகல் முழுக்க வேறொருத்தியாகத் தட்டிச் சம்பளம் வாங்குகிறவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தை நடத்துவது அவர்தான். பதிமூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை இருபத்து மூன்று பிள்ளைகள். பாட்டு, வேதபாடம், கடைசியில் ஜெபக் குறிப்பு. அதாவது, யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று விரும்புகிற பிள்ளை எழுந்து சொல்லலாம். இவருடைய பாடம் உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும். ஆனாலும் பதினோரு வருடமாகப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பையன் தான் பாடிய வீடியோவைக் காட்டி, "எப்படியிருக்குண்ணா?" என்றால், "குரல் நல்லாயிருக்கு, தலையை ஏன்டா அப்படி ஆட்டுறே?" என்பார். அவன் அடுத்த வீடியோவைத் தலையை ஆட்டாமல் எடுத்துக்கொண்டு வந்து காட்டுவான்.

போன வருடம் பெற்றோர்கள் சிலர் சபைக் கமிட்டியில் புலம்பினார்கள். பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார்கள், உள்ளே என்ன செய்கிறார்களோ தெரியவில்லை என்று. கமிட்டிச் செயலாளர் யோசித்து ஒரு வேலையை இவர் தலையில் கட்டினார். "தம்பி, நீங்க ஒரு சின்னப் பொண்ணு மாதிரி, அவங்க பேசுற ஆப்புல கணக்கு ஒண்ணைத் திறந்து பிள்ளைங்களோட சேர்ந்துக்குங்க. சும்மா கவனிச்சா போதும்."

இவர் மூன்று நாள் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார். "அது ஏமாத்துறது இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். "பிள்ளைங்க நல்லதுக்குத்தானே. நான் தினமும் செய்யலையா?" என்றேன். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கணக்குக்கு மின்மினி என்று பேர் வைத்தோம். வயது பதினாறு, வேறு ஊர். முதல் செய்தியை இவர் தட்டினார்: "ஸ்தோத்திரம். தாங்கள் நலமா?" நான் தலையில் அடித்துக்கொண்டு போனைப் பிடுங்கினேன். பதினாறு வயதுப் பெண் 'தாங்கள்' என்பாளா? அன்றிலிருந்து மின்மினியின் வாய் என் வாய்தான். ஆபீசிலிருந்து வந்ததும் சோபாவில் கால் நீட்டி, சிரிப்புப் பொம்மைகளைப் போட்டுத் தள்ளுவேன்.

பெற்றோர்கள் பயந்த எதுவும் உள்ளே இல்லை. பூனை வீடியோ, கால்பந்துச் சண்டை, பரீட்சைப் பயம், கண்ணாடி முன் நின்று எடுத்த படங்கள். "பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்" என்று இவர் கமிட்டிக்கு ஒரே வரி எழுதிக் கொடுத்தார். கணக்கை அன்றே மூடியிருக்க வேண்டும். மூடாததற்குக் காரணம் பேக்கரிக்காரர் மகள்.

அவளுக்குப் பதினைந்து வயது, திக்குவாய். கூட்டத்துக்கு வரத் தொடங்கி ஒரு வருடத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பேர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவள்தான் சொல்வாள். ஆனால் மின்மினியிடம் கொட்டித் தீர்த்தாள். அப்பா மாவு பிசையும்போது மாவோடு சண்டை போடுவாராம், அதை அப்படியே எழுதுவாள். நான் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பேன். ஒரு நாள் எழுதினாள்: "நான் ஒரு வார்த்தையை ஆரம்பிச்சா மீதியை மத்தவங்களே சொல்லி முடிச்சிடறாங்க. நீ மட்டும்தான் நான் முடிக்கிற வரைக்கும் இருக்கே." எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பொய்யாக ஆரம்பித்ததுதான், ஆனால் பிடித்தது நிஜம்.

பிறகு அவள் வீடியோவில் முகம் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு வாரம் சாக்குச் சொன்னேன். அவள் விடவில்லை. சட்டென்று வாயில் வந்ததைத் தட்டிவிட்டேன்: அம்மாவுக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

இவரிடம் சொன்னபோது முகம் செத்துப்போயிற்று. "இல்லாத அம்மாவுக்கு எதுக்கு நோயைக் கொடுத்தே?" என்றார். "ரெண்டு நாள்ல கணக்கை அழிச்சிடலாம் விடுங்க" என்றேன்.

அந்த ரெண்டு நாளுக்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. ஜெபக் குறிப்பு நேரத்தில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. பேக்கரிக்காரர் மகள் எழுந்து நின்றாள்.

"எ... எ... என் சி... சிநேகிதி..."

பக்கத்தில் இருந்தவள் மீதியைச் சொல்ல வாயெடுத்தாள். இவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூன்று நிமிடம் ஆகியிருக்கும். சிநேகிதி பேர் மின்மினி, அவள் அம்மாவுக்கு ஆபரேஷன், எல்லாரும் ஜெபம் பண்ணுங்கள். சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். முன்வரிசைப் பையன் ஒருவன் நாளைக்குக் காலையில் உபவாசம் இருப்போமா என்று கேட்டான். இருபத்து மூன்று கைகளும் உயர்ந்தன.

ஜெபத்தை நடத்த வேண்டியவர் என் வீட்டுக்காரர். எழுந்தார், கண்ணை மூடினார், "ஆண்டவரே" என்றார். அதற்கு மேல் வரவில்லை. "நீங்க பண்ணுங்கப்பா" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். இல்லாத ஒருத்தியின் அம்மாவுக்காகப் பிள்ளைகள் உள்ளே அழுது ஜெபித்தார்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வழி சொன்னேன். "அம்மா குணமாயிட்டாங்கன்னு எழுதிடறேன். பிள்ளைங்களுக்கு சந்தோஷம். அப்புறம் மெதுவா கணக்கை மூடிடலாம்."

"அடுத்த வாரம் எழுந்து நின்னு, ஜெபம் கேட்கப்பட்டதுன்னு சாட்சி சொல்லுவாங்க. அதுக்கு நான் ஆமென் சொல்லணுமா?"

"நீங்க உண்மையைச் சொன்னா அந்தப் பொண்ணு இனிமே ஜென்மத்துக்கும் வாய் திறக்காது. இப்பத்தான் திறந்திருக்கு. யோசிச்சுப் பாருங்க."

நான் சொன்னது உண்மை என்று இருவருக்குமே தெரியும். "தெரியும்மா. அதுதான் பயமா இருக்கு" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் பேக்கரிக்குப் போனோம். அவள் கல்லாவுக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இவர் சொன்னார். "மின்மினின்னு யாரும் இல்லம்மா. அந்தக் கணக்கைத் திறந்தது நான். அந்த அம்மாவும் இல்லை. தப்பு என்னுது. சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன். முதல்ல உன்கிட்ட சொல்லணும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒரு வார்த்தை குறைந்தது. அது என் பேர். நான் சொல்லியிருக்கலாம். கோழை மாதிரி ரொட்டி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையிலிருந்த பெட்டியை முழுதாக மடித்து அடுக்கிவிட்டு, உள்ளே போனாள். "இப்ப போங்க" என்றார் அவள் அப்பா.

சனிக்கிழமை அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்திருந்தாள், அப்பாவோடு. இவர் முன்னால் நின்று, என் பேரை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். கமிட்டி மேல் பழி போடவில்லை. செயலாளர், "நாங்க கவனிக்கத்தானே சொன்னோம்" என்று முணுமுணுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். உபவாசம் இருந்த பையன், "நாங்க அழுதோம்ணா" என்றான். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். இனி இந்தக் கூட்டத்தைத் தான் நடத்துவது நியாயமில்லை என்று சொல்லி, இவர் வேதப்புத்தகத்தை மூடினார்.

அப்போது பேக்கரிக்காரர் மகள் எழுந்தாள்.

"அ... அது அண்ணன் இல்ல. அ... அண்ணனுக்கு ஜோ... ஜோக் வராது."

யாரோ சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் திரும்பி வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, நான்தான்" என்றேன். "எழுதினது எல்லாம் நான். ஆஸ்பத்திரின்னு சொன்னதும் நான்தான். மன்னிச்சிடு."

அவள் பேச ஆரம்பித்தாள். முதல் எழுத்திலேயே நின்றது. அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது, நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, நான் நினைத்த வார்த்தை அது இல்லை.

"ம... மன்னிப்பு இப்ப வரலை. வ... வந்தா நா... நானே வாயால சொல்றேன். மெ... மெசேஜ் அனுப்ப மாட்டேன்."

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. கூட்டத்தைப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் நடத்துகிறார். இவர் நாற்காலி எடுத்துப் போடுகிறார். அவள் சனிக்கிழமைதோறும் எழுந்து யாருக்காவது ஜெபம் கேட்கிறாள். பரீட்சைக்கு, அப்பாவின் முதுகுவலிக்கு. அவள் எழும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது, எழுந்துவிட்டாளே என்று சந்தோஷமாகவும் இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவள் இன்னும் சொல்லவில்லை.