அக்காவுக்கு அம்மா

அக்கா மகளின் கல்யாணம் புதுச்சேரியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்திருந்த பெண், அறைக்குள் நுழைந்த என்னைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு அக்காவிடம், "உங்க அம்மாவுக்கும் லேசா பவுடர் போட்டு விடட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள்.

"அது என் தங்கச்சி" என்றாள் அக்கா. அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பரவால்லம்மா, போட்டு விடு" என்று நான் உட்கார்ந்துகொண்டேன். கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும் அல்லவா. பவுடர் என் கன்னத்துச் சுருக்கங்களில் போய்ப் படிந்து, ஒவ்வொரு கோட்டையும் தனியாக எடுத்துக் காட்டியது.

அக்கா புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டு, துணிக்கடையில் வேலை பார்த்தவள். எனக்கு மரக்காணம் உப்பளம். இருட்டோடு பாத்தியில் இறங்கினாலும், வெயில் ஏறும்வரை வேலை இருக்கும். மேலிருந்து வரும் வெயில் போதாதென்று, வெள்ளை உப்பிலிருந்தும் முகத்தில் அடிக்கும்.

கல்யாணம் முடிந்த சில நாளில் அக்கா பஸ் ஏறி வந்தாள். கையில் ஒரு டப்பா.

"கொலாஜன் பவுடர். தெனம் ஒரு ஸ்பூன் தண்ணில கலக்கிக் குடி. தோலு இறுகுமாம்."

என் வீட்டுக்காரர் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார். மேலே இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மீன் தோலுலேர்ந்து எடுக்கறாங்களாம். நாம தூக்கிப் போடறத டப்பால அடைச்சி நமக்கே விக்கறாங்க" என்றார். அக்காவுக்காக நான் டப்பா காலியாகும்வரை குடித்தேன்.

ஒரு நாள் உப்பை வாரிக் கரையேற்றும்போது வாரும் பலகையின் மரப்பிடி முன்கையில் உரசியது. பெரிய அடி இல்லை. ஆனால் தோல் நனைந்த காகிதம் மாதிரி சுருண்டு வந்துவிட்டது. பக்கத்துப் பாத்திக்காரி பிளாஸ்திரி ஒட்டினாள். மறுநாள் அதை உரித்தபோது, நல்லாயிருந்த தோலும் கூடவே வந்தது. உப்புத் தண்ணீர் பட்டதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. என் புறங்கைத் தோலை விரலால் இழுத்து விட்டாள். அது அப்படியே கொஞ்ச நேரம் நின்று, மெதுவாகப் படிந்தது.

"இந்தத் தோலுக்கு அடியில கயிறு மாதிரி ஒண்ணு இழுத்துப் பிடிச்சிட்டு இருக்கும்மா. அதுதான் கொலாஜன். வயசாக வயசாகக் குறையும். தீட்டு நின்னப்புறம் இன்னும் வேகமா குறையும். வெயில் இருக்கறதையும் அறுத்துடும்."

"முட்டியும் வலிக்குதும்மா. இடுப்பும்."

"வயசானா அங்கயும் தேயும்மா. மூட்டு, எலும்பு எல்லாத்துலயும் அது இருக்குது."

பவுடரைப் பற்றிக் கேட்டேன். "சில பேருக்கு லேசா பலன் தெரியலாம். ஆனா போன தோலு திரும்பி வராது. முட்டை, பருப்பு, நெல்லிக்கா சாப்பிடுங்க. முழுக்கை சட்டை போடுங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றாள். என் கையை மறுபடி பார்த்துவிட்டு, "முடிஞ்ச வரைக்கும்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த முறை அக்கா வந்தபோது, இனி டப்பா வாங்க வேண்டாம் என்றேன். அவள் புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் காட்டினாள். முட்டியில் இறுக்கமாக ஒரு பட்டை மாட்டியிருந்தாள்.

"மாடி ஏற முடியலடி. கடையில நின்னு நின்னு வந்தது. எனக்கும் ஒரு டப்பா வாங்கிக் குடிச்சேன். ஒண்ணும் தெரியல."

"அன்னிக்கே சொல்றதுதானே?"

"நீ கஷ்டப்படறத விடவா?"

நான் எண்ணெயைச் சூடு பண்ணி அவள் முட்டியில் தடவினேன். அவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

காயம் ஆறுவதற்குள் மழை பிடித்து, பாத்திகள் மூழ்கிவிட்டன. மழை விட்ட பிறகும் நான் பாத்தியில் இறங்கவில்லை. கொட்டகையில் உப்பைப் பாக்கெட் போடுகிறேன். கூலி குறைவு, ஆனால் நிழல். எழும்போது தரையில் கையூன்றி, இடுப்பு நிமிரும்வரை நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன். யாரும் அவசரப்படுத்துவதில்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் எழுந்திருக்கிறோம்.