குடம் என்னுடையது, டீம் அவளுடையது

எனக்கு எழுபத்தொன்பது வயது. வளர்த்தது ஏழு பேர். பெற்றது ஐந்து. மற்ற இரண்டும் கொழுந்தனார் பிள்ளைகள். ஒரே அடுப்பில் பொங்கி எல்லோருக்கும் போட்டதால் ஏழு என்றுதான் சொல்வேன். என் ஓரகத்தியும், அதாவது கொழுந்தனார் பெண்சாதியும், தான் ஏழு பேரை வளர்த்ததாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். சொல்லட்டும். விடியலில் எழுந்து உலை வைத்தது யார் என்று அந்த ஏழு பேரையும் கேட்டால் தெரிந்துவிடும்.

சொல்வது நான், எழுதுவது என் பேத்தி. எனக்குப் படிக்க வரும், எழுத வராது. அந்தப் படிப்பும் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை, கிரிக்கெட்டில் வந்தது. பொறாமையில் வந்தது என்று சொன்னாலும் சரிதான். பேத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். எழுதுடி, அதையும்தான்.

நம் ஆட்கள் உலகக் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்த பிறகு உத்திரமேரூரில் கிரிக்கெட் பைத்தியம் பிடிக்காத பையன் கிடையாது. ஏரியில் தண்ணீர் வற்றியதோ இல்லையோ, மூன்று குச்சியை நட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பைத்தியம் பிள்ளைகளோடு நிற்கவில்லை, ஓரகத்திக்கும் பிடித்தது. அவள் செங்கல்பட்டுக்காரி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். அவள் சீரோடு ரேடியோ வந்தது. என் சீரோடு வந்தது பித்தளைக் குடம். ரேடியோவில் இங்கிலீஷில் மேட்ச் சொல்லும்போது பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து வாயைப் பார்ப்பார்கள். அவள் ஒவ்வொரு பந்தையும் தமிழில் சொல்வாள். நான் அடுப்படியில் இருந்து கேட்பேன். அடுப்பு மட்டுமா எரிந்தது!

என் பெரியவன் காஞ்சிபுரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை சாயந்திரம் பஸ்ஸில் வந்து ஞாயிறு சாயந்திரம் திரும்பிப் போவான். அந்த ஒரு நாளுக்காக வாரம் பூராவும் காத்திருப்பேன். கருவாடு வாங்கி வைப்பேன், மொச்சை ஊற வைப்பேன். அவனோ பையை மூலையில் வீசிவிட்டு, "சின்னம்மா, பேப்பர் பாத்தியா? டீம் போட்டுக்கிறான் பாரு!" என்பான். அப்புறம் அவன் தலையும் அவள் தலையும் ஒரே பேப்பருக்குள் போய்விடும். கருவாட்டுக் குழம்பைப் போட்டால், என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே சாப்பிட்டு எழுந்துபோவான்.

ஒரு லீவில் அவன் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தான். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் சுவரில், அந்தக் காலத்தில் ஊர் வேலைக்கு ஆள் எடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள் என்று எழுதியிருக்கிறதாம். அதே மாதிரி கிரிக்கெட்டுக்கு ஆள் எடுப்பது. எல்லா நாட்டு ஆட்டக்காரர்கள் பெயரையும் தமிழில் சீட்டு எழுதிச் சுருட்டிக் குடத்தில் போட வேண்டும். ஒருவர் முறை வரும்போது மூன்று சீட்டு எடுத்துப் பிரிக்க வேண்டும். மூன்றில் ஒருவரை அவர் வைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டும் மறுபடி குடத்துக்குள் போய்விடும். சுற்றிச் சுற்றி வந்து ஆளுக்குப் பதினொரு பேர் சேர்ந்தால் டீம் ஆயிற்று. அதற்குப் பிறகு ரேடியோவில் எந்த நாடு ஜெயித்தால் என்ன? தன் பதினொரு பேர் எத்தனை ரன் அடித்தார்கள், எத்தனை விக்கெட் எடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. ஒரு விக்கெட்டுக்கு இருபது ரன் என்று வைத்திருந்தார்கள்.

பெரியவனுக்கு ஒரு டீம், அவன் தம்பி, என் சின்னவனுக்கு ஒரு டீம், ஓரகத்திக்கு ஒரு டீம். நெல் அறைக் கதவில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டு, தலைப்பில் அவரவர் பெயரை எழுதினான் பெரியவன். குடம் வேண்டும் என்று என்னிடம் வந்தான். என்னையும் கூப்பிடத்தான் வருகிறான் என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"யாரு சீட்டு எடுக்கிறது?" என்று கேட்டான் சின்னவன்.

"நீ எடுக்காத. மடிப்புல அடையாளம் வெச்சி எடுப்ப," என்றான் பெரியவன். "கோயில்ல இன்னா எழுதிக் கீது? ஒண்ணும் தெரியாத கொழந்தை எடுக்கணும். அப்பத்தான் ஓரவஞ்சனை இருக்காது."

வீட்டில் கடைசிக் குட்டி கூட எழுத்துக் கூட்டிப் படிக்கும். எல்லோரும் யோசித்தார்கள். ஓரகத்திதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"கொழந்தை இல்லன்னா இன்னா? அக்கா கீதே!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். அதில் யாரும் தப்பாக எதுவும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன். குடம் என்னுடையது. அதற்குள் போகிற கை என்னுடையது. டீம் மட்டும் அவளுடையது.

குடத்தின் கழுத்து குறுகல். வளையலை மேலே ஏற்றிவிட்டுத்தான் கையை விட வேண்டும். நான் எடுத்துக் கொடுப்பேன். ஓரகத்தி ஒவ்வொன்றாகப் பிரித்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி உரக்கப் படித்துத் தரையில் வைப்பாள். பெரியவன் அவள் காதில் ஏதோ சொல்வான். அவள் அவன் காதில் ஏதோ சொல்வாள். வேறு வேறு டீம்தான், ஆனாலும் ஒருவரையொருவர் கேட்காமல் ஆள் எடுக்க மாட்டார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கதவில் எனக்கும் ஒரு கட்டம். பெரியவன் என் காதிலும் ஒரு பேச்சு பேச வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்கலாம். ஆனால் அவள் எதிரில் கேட்பதா? செத்தாலும் மாட்டேன்.

எழுத்துத் தெரியாத கை வேண்டும் என்று என்னை உட்கார வைத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு சீட்டையும் என் மூக்குக்கு நேரே பிரித்து வைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என் காதுக்கும் சொன்னார்கள். போட்டிக்குப் போட்டி, அதே பெயர்கள். நான் என்ன கல்லா?

ரொம்ப நேரம் நின்று தடவிக்கொண்டே ஆடுகிற ஒருவர் இருந்தார். வெளிநாட்டுக்காரர். அவரை யாரும் எடுக்க மாட்டார்கள். அதனால் அவர் சீட்டு திரும்பத் திரும்ப என் கையில் வந்தது. சுருண்டு படுத்த பூனை மாதிரி ஓர் எழுத்து அவர் பெயரில் முன்னால் இருக்கும். அது 'ஜ' என்று பிடித்துக்கொண்டேன். வாரம் முழுக்கக் குடம் என் அடுப்படியில்தானே இருக்கும்? மத்தியானம் எல்லோரும் வெளியே போன பிறகு சீட்டுகளைக் கொட்டி, பூனை இருக்கிறதை எல்லாம் ஒரு பக்கம், மேலே புள்ளி இருக்கிறதை எல்லாம் ஒரு பக்கம் பிரித்துப் பார்ப்பேன், அரிசியில் கல் பார்க்கிற மாதிரி. எல்லோருக்கும் 'அ' முதலில் வரும். எனக்கு 'ஜ'வும் 'ஸ்'ஸும் முதலில் வந்தன. 'ழ' மட்டும் இன்றைக்கும் தடுமாறும். எந்த நாட்டு ஆட்டக்காரர் பெயரிலும் அந்த எழுத்து இல்லை. அதற்கு நான் என்ன செய்வது?

கதவில் இருந்த பெயர்களையும் படித்தேன். சின்னம்மா என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டிருந்தான். மற்ற இரண்டு பெயருக்கும் கோடு இல்லை.

அடுத்த பெரிய போட்டி வந்தது. சனிக்கிழமை சாயந்திரம், பெரியவன் வந்தாயிற்று, குடம் வந்தாயிற்று. முதல் முறை ஓரகத்திக்கு. மூன்று சீட்டு எடுத்தேன். அவள் பின்னலை அள்ளி முடிந்துகொண்டே, "குடு அக்கா, படிக்கிறேன்," என்று கையை நீட்டினாள்.

கொடுக்கவில்லை. நானே பிரித்தேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். முதலாவது தடவல்காரர், இரண்டாவது ஒரு நெட்டையான பந்துவீச்சுக்காரர், மூன்றாவது ஓரகத்திக்கு ரொம்பப் பிடித்த மீசைக்காரர். மூன்று பேரையும் முழுப் பெயர் சொல்லிப் படித்தேன்.

சின்னவன் வாயைப் பிளந்தான். "யம்மா! நீயா படிச்ச?"

"பின்ன, எதிர்வூட்டுக்காரியா வந்து படிச்சா?"

ஓரகத்தியின் கை நீட்டியபடியே இருந்தது. "அப்ப இத்தினி நாளா அக்கா பாத்துப் பாத்துதான் எடுத்துதா? அதான் எனக்கு வர்றதெல்லாம் சொங்கிங்களாவே வந்துது!"

"சுருட்டின சீட்ட குடத்துக்குள்ள கைவுட்டு எடுக்கிறேன். என் விரல்ல கண்ணா கீது? சொங்கிங்கள வெச்சிக்கினுதான் போன தபா ஜெயிச்சியா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவள் முகம் சுருங்கியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வயிறு குளிர்ந்தது.

பெரியவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு ரூல்ஸ் முக்கியம். "எழுத்து தெரிஞ்ச கை குடத்துல போவக் கூடாதுமா. இனிமே நீ எடுக்க முடியாது."

"நானா எடுக்கிறேன்னு கேட்டேன்? இந்தா, கைய வெளிய எடுத்துட்டேன். எனக்கு ஒரு டீம் குடு."

"டீம் எடுக்க எழுத்து தெரிஞ்சா போதுமா அக்கா?" என்றாள் ஓரகத்தி. "ஆட்டம் தெரியணும். யாரு இன்னா போடுவான்னு தெரியணும்."

"நீ கூவிக் கூவி சொன்னதெல்லாம் அடுப்படிக்கு கேக்காதுன்னு நெனச்சியா? எவன் அடிப்பான், எவன் அடிக்கிற மாதிரி அடிச்சி கேட்சு குடுத்துட்டுப் போவான், எல்லாம் தெரியும் எனக்கு."

பெரியவன் என்னையே பார்த்தான். அந்தப் பார்வை அதுவரை எனக்கு வந்ததில்லை. பேப்பரில் புது ஆட்டக்காரர் பெயரைப் பார்த்தால் ஓரகத்தியைப் பார்ப்பானே, அந்த மாதிரி பார்வை.

"சரி, சீட்டெல்லாம் திருப்பிப் போடு. மொதல்லேர்ந்து எடுப்போம். நாலு டீம்," என்றான். "ஆனா எடுக்கிறதுக்கு எழுத்து தெரியாத ஆளு வோணுமே?"

வீட்டில் அப்படி மிச்சம் இருந்தது பெரியவன் அப்பா ஒருவர்தான். கழனியில் இருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவரைச் சின்னவன் இழுத்து வந்தான்.

"இன்னாடா பேஜாரா கீது? மாட்டுக்கு இன்னும் தண்ணி காட்டல," என்று முனகிக்கொண்டே கையை விட்டார். ஏர் பிடித்த கை. உள்ளே போனது, வெளியே வரவில்லை.

"நைனா, சீட்ட வுட்டுட்டு கைய எடு!"

"வுட்டுட்டேன்டா! வரல!"

தேங்காய் எண்ணெய் ஊற்றி, சின்னவன் குடத்தைப் பிடிக்க, பெரியவன் கையைப் பிடிக்க, ஒருவழியாக வெளியே வந்தது. ஓரகத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தவள் சும்மா இருந்தாளா? எழுந்து போய்த் தன்னுடைய எவர்சில்வர் வாளியைக் கொண்டு வந்து நடுவில் வைத்தாள். "இதுல போட்டா மாமா கை தாராளமா போவும்."

எண்ணெய் பட்ட சீட்டுகள் அவள் வாளிக்குள் போயின. என் குடம் ஓரமாக உட்கார்ந்திருந்தது. டீம் கிடைத்த வேளையில் குடம் போயிற்று. எதையாவது முழுசாக எனக்கு விடுவாளா அவள்!

பெரியவன் சாக்பீஸை எடுத்தான். மூன்று கட்டம் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. கீல் பக்கம் இருந்த கொஞ்ச இடத்தில் நாலாவதாக ஒரு கோடு இழுத்து, மேலே அம்மா என்று எழுதினான். குறுகல்தான். அடியில் கோடு போடுவானா என்று பார்த்தேன். போட்டான்.

என் முறை வந்தபோது வந்த மூன்று சீட்டில் ஒன்று தடவல்காரர். அவரையே எடுத்தேன். எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எனக்கு முதல் எழுத்தைக் கொடுத்தவர், எப்படி விடுவது? பிறகு நெட்டையனும் எனக்கு வந்தார். மீசைக்காரர் ஓரகத்திக்குத்தான் போனார். அவளுக்கு மட்டும் அப்படி அமையும்.

முதல் மேட்ச் அன்றைக்கு நான் அடுப்படியில் இல்லை. சோற்றை வடித்துவிட்டு வந்து ரேடியோவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். தடவல்காரர் வந்தார், நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அவர் ஒரு ரன் எடுத்தால் எனக்குத் திருவிழா. அப்போது ஓரகத்தி துள்ளினாள்.

"அக்கா! உன் நெட்டையன் உன் தடவல்காரர கிளீன் போல்டு பண்ணிட்டான்!"

ஒருவர் ஒரு நாடு, இன்னொருவர் இன்னொரு நாடு. எனக்கு இரண்டு பேரும் என் ஆட்கள். எடுத்ததற்குச் சந்தோஷப்படுவதா, போனதற்கு அழுவதா? "இருபது ரன்னு வந்துதே, வுடுமா," என்றான் சின்னவன். எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தப் போட்டியில் ஓரகத்திதான் ஜெயித்தாள். மீசைக்காரர் விளாசிவிட்டார். நான் நாலாவது. அதாவது கடைசி.

போட்டி எல்லாம் முடிந்து வந்த ஞாயிறு சாயந்திரம் பெரியவன் பஸ்ஸுக்குக் கிளம்பினான். வாசலில் ஓரகத்தி கையில் பேப்பரோடு நின்றிருந்தாள், அவனிடம் ஏதோ காட்ட. அவன் அவளைத் தாண்டி என்னிடம் வந்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"யம்மா, அடுத்த தபா அந்தத் தடவல எடுக்காத. ஓப்பனிங் வர்றவனா பாத்து எடு. நான் அடுத்த வாரம் வந்து சொல்றேன்."

"இன்னாடா அம்மாகிட்ட ரகசியம்?" என்றாள் ஓரகத்தி.

"ஒண்ணுமில்ல சின்னம்மா. டீம் மேட்டரு."

அவள் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். மடித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. அந்த மடிப்பை நான் எத்தனை முந்தானையில் மடித்திருக்கிறேன்!

அப்புறம் பல போட்டி வந்தது, நானும் ஜெயித்திருக்கிறேன். அவள் என்னைவிட அதிகமாக ஜெயித்தாள், அதை இப்போதும் வருகிறவர் போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். ஆனால் எழுத்தோடு வந்தவள் அவள். எழுத்தைச் சம்பாதித்தவள் நான். இதை அவள் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

போதும்டி, பேனாவ வை. மொதல்லேர்ந்து ஒரு தபா படி, கேக்கிறேன். கதவுல என் பேரு எழுதின எடத்த மெதுவா படி. அவ ஜெயிச்ச எடம் வந்தா கொஞ்சம் வேகமா படிச்சிட்டுப் போயிடு.