கீழ்ப்படிதலுள்ள பதுளை ராசையா

போன வாரம் கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. "அக்கா, அப்பா போயி வர்ற ஞாயித்துக்கிழமையோட ஒரு வருசமாகுதுங்க. அவரு கையெழுத்து வெச்சிருக்கிறவங்க எல்லாரும் கூடலூருக்கு எடுத்துட்டு வாங்க. எல்லாத்தையும் ஒரே சட்டத்துல போட்டு மாட்டப் போறோம்." பேசியது செல்வி, பதுளை ராசையாவின் மகள். கேட்டதும் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த பட்டாணி வீடு முழுக்க ஓடியது. அறுபதைத் தாண்டியவள் செய்கிற காரியமா இது? ஆனால் ராசையா பெயரைக் கேட்டால் எனக்கு இருபத்திரண்டு வயதுதான்.

என்னிடமும் ஒரு கையெழுத்து இருந்தது. ஜெபப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள், இரண்டு விரல் அகலத் துண்டுக் காகிதம். முகர்ந்து பார்த்தேன். இன்னும் தைல வாசனை இருந்தது. என் மகன் இல்லவே இல்லை என்றான். அவனுக்கு எப்போதும் மூக்கடைப்பு.

தைலம் என்றால் எங்களுக்கெல்லாம் சளி ஞாபகம் வராது, பந்தாட்டம்தான் ஞாபகம் வரும். ஆட்டத்துக்கு முன்னால் பதினோரு பேரும் முழங்காலில் தேய்த்துக்கொண்டு இறங்கினால் மைதானத்துக்கு வெளியே ரோடு வரைக்கும் மணக்கும். அதில் ராசையா தனி ஆள். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, வாலிப வயதில் கப்பலேறி, கூடலூர் பக்கத்து ஓவேலிக்கு வந்தவர். வாரம் முழுக்கத் தேயிலைச் செடியில் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை இடது காலால் கோல் அடிப்பார். ஸ்ரீமதுரையிலிருந்து வயல் வேலையைப் போட்டுவிட்டு நடந்து வருவார்கள் அவர் ஆட்டத்தைப் பார்க்க.

ஆட்டம் முடிந்ததும் கையெழுத்துக்கு அடிதடி. ரேஷன் கார்டு அட்டை, பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, எது கையில் இருக்கிறதோ அது. ஒருவன் உடைந்த கையின் மாவுக்கட்டிலேயே வாங்கினான். எல்லாவற்றிலும் 'அன்புடன்' என்று எழுதித்தான் கையெழுத்துப் போடுவார். நான் மட்டும் ரோட்டோரம் நின்று பொறாமைப்பட்டுக்கொண்டிருப்பேன். எஸ்டேட் ஆபீசில் வேலை பார்க்கிற பெண், வாத்தியார் மகள், ஆண்கள் கூட்டத்தில் முண்டியடித்துப் போய் நோட்டை நீட்ட முடியுமா? ஊர் சும்மா விடுமா?

ஆனால் ஆபீசில் வேறு வசதி இருந்தது. தொழிலாளர்களின் லீவு லெட்டரை நான்தான் எழுதுவேன். 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்பது வரைக்கும் என் கையெழுத்து. அதற்குக் கீழே அவர்கள் பெயரைப் போட வேண்டும். சனிக்கிழமை இறுதி ஆட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராசையா பயிற்சிக்குத் தைலம் தேய்த்த கையோடு வந்து என் மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போட்டார். அந்த 'யா' வளைந்து ஓடின அழகைப் பார்த்ததும் எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. அவர் படியிறங்கியதும் கத்தரிக்கோலை எடுத்து, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்ற வரியோடு சேர்த்து வெட்டி எடுத்துக்கொண்டேன். லீவைத்தான் பதிவேட்டில் எழுதியாயிற்றே, லெட்டரை இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு கணக்கு. வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம் ஆனவளின் கணக்கு அது.

சனிக்கிழமை மதியம் பெரிய கிளார்க் வர்கீஸ் சார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அடியில் அரைகுறையாக நின்ற லெட்டரைப் பிடித்தார். "இதெந்தா மோளே, எலி கடிச்சதா?" அழுகையும் உண்மையும் ஒன்றாக வந்துவிட்டன. சார் திட்டவில்லை. தன் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே ராசையாவின் கையெழுத்து மூன்று! "பழைய லெட்டர்ல வெட்டணும் மோளே. தொரை பாஸ் பண்ணாத லெட்டர்ல யாராவது வெட்டுவாங்களா?"

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். லீவு சொல்லாமல் ஆட்டத்துக்குப் போனதற்கு ராசையாவுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை. கையெழுத்தில்லாத லெட்டர் செல்லாது; மூன்றாவது வந்தால் வேலை போகும், எஸ்டேட் கொடுத்த லயன் வீடும் போகும். எஸ்டேட் மேனேஜர் துரைக்குப் பந்தாட்டம் என்றாலே ஆகாது. ஐந்து மணிக்கு வந்து ஒவ்வொரு லெட்டரையும் பார்ப்பார். ராசையாவோ அதற்குள் கூடலூர் மைதானத்தில் இருந்தார்.

அதே லெட்டரை எழுத்து மாறாமல் இன்னொரு தாளில் எழுதிக்கொண்டு ஓடினேன். கூடலூர் போகிற ஜீப்பில் இடமில்லை. "ஏனுங்கண்ணா, ராசையா அண்ணன் வேலை போயிருமுங்க!" என்று கத்தினேன். இரண்டு பேர் இறங்கி எனக்கு இடம் கொடுத்தார்கள். பெயருக்கு அவ்வளவு மரியாதை.

போய்ச் சேர்ந்தபோது இடைவேளை. ஒன்றுக்கு ஒன்று, சமநிலை. அவரைச் சுற்றி ஐம்பது நோட்டுகள். ஊராவது, மானமாவது! முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தேன். வாழ்க்கையில் அன்றைக்குப் போல் நான் எதற்கும் துணிந்ததில்லை. "அண்ணே, எனக்கு, எனக்கு!" என்று லெட்டரை நீட்டினேன்.

"கடதாசிய நல்லா புடிங்க புள்ள, நேரமில்ல" என்றார். தைலக் கையோடு போட்டுவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மைதானத்துக்குள் ஓடினார். விசில் ஊதியது. எனக்குத் திரும்பிப் போக அடுத்த ஜீப் காத்திருந்தது.

வண்டி முதல் வளைவு ஏறும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பள்ளத்தாக்கே எழுந்து நின்று கத்துகிற சத்தம். மைதானத்தின் பாதியிலிருந்து இடது காலால் அடித்தாரே, இன்றைக்கும் கூடலூரில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்களே, அந்த கோல். எனக்குக் கிடைத்தது சத்தம் மட்டும். "கோலு!" என்று டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே போனார். நானும் கத்தினேன். கத்திக்கொண்டே லெட்டரைப் பிரித்துப் பார்த்தேன்.

'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்பதற்குக் கீழே அழகாக, 'அன்புடன், பதுளை ராசையா'.

ஐந்து மணிக்குத் துரை அதைக் கையில் எடுத்தார். முகர்ந்தார். "லெட்டருக்குச் சளியா?" என்றார். பிறகு, "அன்புடனா? எனக்கா?" வர்கீஸ் சார் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். துரை அந்த வரியை இன்னொரு முறை படித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டார்.

ராசையாவிடம் கடைசிவரை நான் இதைச் சொல்லவில்லை. முதலில் பயம், பின்னால் வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை கூடலூர் போனேன். மைதானத்தில் பாதி இப்போது வண்டி நிறுத்துமிடம். நாற்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். நரைத்த தலைகள் எல்லாம் எழுந்து அந்த கோலை ஆளுக்கொரு விதமாக அடித்துக் காட்டின. என் துண்டைச் செல்வியிடம் கொடுத்துக் கதையைச் சொன்னேன். அவள் வாசித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "எங்கப்பா ஆருக்குக்கா கீழ்ப்படிஞ்சாரு? இதுதான் நடுவுல இருக்கோணும்." நடுவிலேயே ஒட்டினார்கள். சுற்றிலும் எத்தனையோ 'அன்புடன்'. எண்ணவில்லை. எண்ணினால் அழுதுவிடுவேன்.

எனக்கும் அவர் ஒரு 'அன்புடன்' போட்டார். அதை நான்தான் என் கையால் துரையிடம் கொடுத்தேன். எஸ்டேட் ஆபீசை மூடியபோது, கோப்புகளையெல்லாம் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.