பெரிய தட்டில் வந்த ஒற்றைப் பாட்டு

எனக்கு லயம் கிடையாது என்று பதினோரு வயதிலேயே தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர், மயிலாப்பூரில் எங்கள் தெருவிலேயே பரதநாட்டிய வகுப்பு நடத்திய டீச்சர். "பொண்ணுக்குக் கை கால் நன்னா இருக்கு, முகமும் லட்சணம். ஆனா தாளம் நிக்கலை மாமி. வீணா சிரமப்படாதீங்கோ" என்று அம்மாவிடம் சொன்னார். என் அம்மா வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். தாளம் கடுகளவு பிசகினாலும் முகம் சுளிப்பவள். அன்றைக்கு அவள் ஒன்றுமே பேசவில்லை. என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். டீச்சர் மேல் இருந்ததைவிட எனக்கு அம்மா மேல்தான் கோபம்.

தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பீலுக்குப் போகக் கல்லூரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் பெண்கள் கல்லூரியில் மேற்கத்திய நடனத்துக்கென்று ஒரு கோஷ்டி இருந்தது. யாரும் என்னை அதற்குத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, நானாகவே ஆகிவிட்டேன். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டியில் எல்லாக் கோஷ்டிகளும் அந்த வருஷத்து ஹிட் பாட்டுகள் இரண்டு மூன்றையே மாற்றி மாற்றி ஆடும். பார்க்கிறவர்களுக்கு வாய் கொட்டாவியில் கிழியும். சென்னையில் ஒருவர் காதிலும் விழாத பாட்டு எனக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அது என் தோழி வீட்டு அலமாரியில் இருந்தது. பெசன்ட் நகர்க்காரி அவள். கப்பலில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன், அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் தள்ளுபடிப் பெட்டியைக் கிளறி ஒரு பெரிய இசைத்தட்டை வாங்கி வந்து போட்டுவிட்டு அடுத்த கப்பலுக்குப் போய்விட்டார். அட்டையில் படம் கூடக் கிடையாது. 'ஃப்ரீஸ்டைல்' என்று, அந்த ஊர் ஆட்டப் பாட்டில் ஒரு வகையின் பெயர் போட்ட ஸ்டிக்கர் மட்டும். பாடியவரின் பெயரை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தட்டில் இருந்தது ஒரே ஒரு பாட்டு.

எங்கள் யாரிடமும் தட்டுச் சுழற்றும் பெட்டி இல்லை. தி. நகரில் பனகல் பார்க் பக்கத்துச் சந்தில், தட்டிலிருந்து கேசட்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். மறுநாள் கேசட் கிடைத்தது. போட்டுக் கேட்டதும் மயிர்க்கூச்செறிந்தது. கனத்த, மெதுவான மெஷின் தாளம். அதன் மேல் ஆழத்திலிருந்து ஒரு ஆண் குரல், மனசு உடைந்து, சொற்களை இழுத்து இழுத்துப் பாடியது. இப்படி அழுகிற பாட்டுக்கு எப்படி ஆடுவது என்று மற்ற பெண்கள் கேட்டார்கள். இப்படித்தான் என்று ஆடிக் காட்டினேன்.

மூன்று மாதம் பெசன்ட் நகர் மொட்டை மாடியில் ஒத்திகை. கடற்காற்றில் டேப் ரெக்கார்டர் சத்தம் பாதி காணாமல் போகும். வீட்டிலும் அதே கேசட்தான். அடுக்களையிலிருந்து அம்மா, "என்னடி இது, பொழுது விடிஞ்சா ஆத்துல ஒருத்தன் ஒப்பாரி வச்சுண்டிருக்கான்?" என்பாள். எழுந்து கதவைச் சாத்துவேன்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது தோழியின் அண்ணன் விடுமுறையில் வந்தார். மாடிக்கு வந்து பத்து நொடி கேட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏய், இது பொண்ணு பாடின பாட்டு! பாவம், அவளை ஆம்பளையாக்கிட்டீங்களே!"

விஷயம் இதுதான். அந்தத் தட்டு நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றுச் சுற்ற வேண்டியது. கடைக்காரர் முப்பத்திமூன்றில் சுற்றவிட்டுப் பதிந்திருக்கிறார். இன்னொன்றும் அண்ணன் சொன்னார். அந்த ஊரிலேயே இந்த மாதிரிப் பாட்டுக்கு மவுசு போய்விட்டதாம், அதற்கு ஆடும் கிளப்புகளை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறார்களாம், அதனால்தான் தள்ளுபடிப் பெட்டிக்கு வந்ததாம். பெண்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி அழவே தொடங்கினாள்.

தட்டை எடுத்துக்கொண்டு அன்றே நானும் தோழியும் தி. நகர் போனோம். கடைக்காரர் துளியும் அசரவில்லை.

"பெரிய தட்டுன்னா முப்பத்திமூணு, சின்னதுன்னா நாப்பத்தஞ்சு. ஊரு ஒலகத்துல அதாம்மா கணக்கு. இவன் பெரிய தட்டுல ஒத்தப் பாட்டைப் போட்டு நாப்பத்தஞ்சுன்னு எய்தி வச்சுகீறான். நான் இன்னா பண்றது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சரியான வேகத்தில் போட்டுக் காட்டச் சொன்னேன். சந்து முழுக்க ஒரு சின்னப் பெண்ணின் குரல் பாய்ந்தது. அதே உடைந்த மனசுதான். ஆனால் இவள் அழுதுகொண்டே ஓடுகிறாள். மூன்று மாதமாக இவளைத் தூக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறோம். அவளையும் விட மனசில்லை, எங்கள் ஒப்பாரிக்காரனையும் விட மனசில்லை.

பரத வகுப்பில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான். எந்த அடவையும் முதலில் மெதுவாக ஆட வேண்டும், பிறகு அதையே வேகமாக ஆட வேண்டும். காலம் மாறும், அடவு மாறாது. கடையில் நின்றே முடிவெடுத்தேன். பாதிப் பாட்டு மெதுவாக, பிறகு முதலிலிருந்து அதே பாட்டு சரியான வேகத்தில். அதே அசைவுகள். கடைக்காரர் கையோடு ஒரே கேசட்டில் சேர்த்துக் கொடுத்தார்.

கேட்டால், நடுவில் வெறும் மௌனம்.

"பாஸ் பட்டனை அமுக்குனா டொக்குன்னு ஒரு சத்தம் வியும்மா, அசிங்கமா இருக்கும். அதான் சவுண்டைக் கம்மி பண்ணி ஓடவுட்டு, வேகத்தை மாத்தி, முள்ளை எடுத்து வச்சேன். எடம் சுத்தமா கீது பாரு."

சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு முறை பதிந்து வாங்கிவிடலாம் என்றாள் தோழி. வேண்டாம் என்றேன். அந்த இடத்தில் நான் வாயால் 'தெய்யா தெய்' என்று சொல்லுக்கட்டுச் சொல்கிறேன், எல்லோரும் அதற்குக் கால் தட்டுங்கள், பாட்டு வந்து சேர்ந்துகொள்ளும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை அச்சில் எழுத முடியாது.

பாட்டு வந்து சேர்ந்துகொள்ளவில்லை. ஒத்திகையில் ஒருமுறை நான் முடிப்பதற்குள் அது வந்துவிடும், மறுமுறை நான் முடித்துவிட்டு அசடு வழிய நிற்பேன். லயம் இல்லாதவள் என்று ஊருக்கே தெரிய இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. வீட்டிலும் விடாமல் பழகினேன். அம்மா அரிவாள்மணையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, "இது இரட்டிப்பா வர ரெண்டாம் காலமும் இல்லை, ஒண்ணும் இல்லை. ரெண்டுங்கெட்டானா இருக்கு. எப்படிடி பிடிப்பே?" என்றாள்.

பிடித்துவிட்டேன். பெசன்ட் நகரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டே வரும்போது விரலுக்குப் புரிந்தது. மெதுவான பாட்டில் மூன்று தட்டு விழும் நேரத்தில் வேகமான பாட்டில் நான்கு விழ வேண்டும். அப்புறம் அந்தக் கம்பியை நான் விடவேயில்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

போட்டியன்று மாலை, "எனக்கெதுக்குடி அந்தக் கண்றாவியெல்லாம்" என்று சொல்லியிருந்த அம்மா, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரை இடுக்கில் அவளைப் பார்த்துவிட்டு என் இடத்துக்கு ஓடினேன். அதற்குள் திரை விலகிவிட்டது.

மெதுவான பகுதி எண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. பாட்டு நின்றது. கேசட் மாட்டிக்கொண்டது என்று நினைத்து அரங்கத்தின் பின்வரிசைப் பையன்கள் ஊளையிட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். "தெய்யா தெய், தெய்யா தெய்..." மூன்றின் இடத்தில் நான்கு. ஊளை அடங்கியது. எட்டுப் பேர் காலும் மரப்பலகையில் ஒன்றாக விழுந்தது. பாட்டு வருமா வராதா என்ற நினைப்பே அப்போது எனக்கு இல்லை. வராவிட்டால் விடியும் வரை நானே சொல்லியிருப்பேன். கடைசி அடியை ஓங்கி மிதித்தேன், அந்தப் பெண் பாட வந்துவிட்டாள். பின்வரிசை எழுந்து நின்று கத்தியது. அதற்கப்புறம் ஆடியது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. சந்தோஷமாக இருந்தேன், அது மட்டும் தெரியும்.

மூன்றாம் பரிசு, ஒரு சின்னக் கோப்பை. முதல் பரிசு வழக்கமான ஹிட் பாட்டுக்கே போனது, அவர்கள் தலையெழுத்து.

பஸ் நிறுத்தத்தில் அம்மா, "பாட்டு வர எடத்துல ஒரு துளி முன்னாடி எடுத்துட்டே" என்றாள்.

"நான் சரியாத்தான் எடுத்தேன். பாட்டுதான் லேட்டா வந்தது."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். லஸ் நிறுத்தத்தில் இறங்கி நடக்கும்போது, "அன்னிக்கு அந்த டீச்சர் சொன்னப்போ நானும் அப்படித்தான்டி நெனைச்சேன். அதான் ஒண்ணும் சொல்லலை" என்றாள். கொஞ்ச தூரம் போய், "இன்னிக்கு நீ வாயைத் திறந்ததும் என் கை தானா தாளம் போட்டுது" என்றாள்.

எனக்காக வாய் திறக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமாகக் கோபித்துக்கொண்டிருந்தேன், அவளும் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொண்டிருந்தாள் என்று இப்போதுதான் புரிந்தது. வலித்தது. ஆனாலும் அவள் அதைச் சொன்னது எனக்கு அந்தப் பரிசைவிடப் பெரிதாக இருந்தது.

எங்கள் தெருவுக்குள் திரும்பினோம். இருட்டியும் டீச்சர் வீட்டில் வகுப்பு இன்னும் முடியவில்லை. அவர் தாளம் தட்டும் தட்டுக்கழிச் சத்தம் வாசல் வரை கேட்டது. கதவு திறந்திருந்தது.

அம்மா நடையைக் குறைத்தாள். "அந்தக் கோப்பையை இந்தக் கைக்கு மாத்திக்கோ" என்றாள். "அவா வாசல் பக்கமா பிடிச்சுண்டு வா."