பண்ணை வாரியாக எழுதிய மனு

முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் இவர்கள். மளிகைக்கடை பாய் வீட்டுப் பையன், பத்தாம் வகுப்பு. பெரிய பண்ணைக்காரர் மகன், அவனும் பத்தாவது. தபால்காரர் மகள், என் வகுப்பு. பூரணாங்குப்பத்திலிருந்து ஒரே சைக்கிளில் வரும் அண்ணன் தம்பி இரண்டு பேர். கடைசியாக நான். காலனியிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரை வந்த பெண் அப்போது நான் ஒருத்திதான்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்தோம். எங்கள் ஊர் பாகூர் ஏரிக்குக் கிழக்கே. எழுபதுகளின் கடைசி.

கடைப் பையன்தான் ஆரம்பித்தான். அவன் வீட்டில் ரேடியோ இருந்தது. அதில் மனித உரிமை என்று ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு வாரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"மன்றம் வெப்போம்டா. மனித உரிமை சமூக சேவை மாணவர் மன்றம்."

"பேரே ரெண்டு முழம் இருக்குது. பலகை பத்தாது" என்றான் பண்ணைக்காரர் மகன்.

"உங்க வூட்டுலதான் கதவு பெருசாச்சே. ஒண்ணு கழட்டிக்கினு வா."

பலகை கிடைத்தது. பெயர் எழுதி வராண்டாவில் மாட்டினோம். தலைமையாசிரியர் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"சேவை இருக்கட்டும். உரிமைய எடுத்துடுங்க. அது கட்சிக்காரன் வார்த்தை."

கடைப் பையன் சுண்ணாம்பு கொண்டுவந்து முதல் இரண்டு வார்த்தைகளை மூடினான். பலகையில் அந்த இடம் வெள்ளையாக நின்றது.

சேவை செய்தோம். கோயில் குளத்தில் பாசி எடுத்தோம். ஊர்த்தெருச் சாக்கடையை வாரினோம். பண்ணைக்காரர்கள் மெச்சினார்கள். ஒரு வீட்டில் எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், தனிக் குவளையில்.

காலனிக்குக் கிணறு ஒன்றுதான். ஏரி இறங்கினால் கிணறு சேறாகிவிடும். அதனால் அவரவர் வேலை செய்யும் பண்ணையின் மோட்டார் கொட்டகைக்குப் பெண்கள் குடத்தோடு போய் நிற்பார்கள். மோட்டார் ஓடினால் தண்ணீர். அந்த ஆடியில் பத்து நாள் ஓடவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடித்தோம். என் தம்பி வாந்திபேதியில் செத்தான். மூன்று வயது. அம்மா ஒருநாள் அழுதாள். மறுநாள் களை பறிக்கப் போனாள்.

இதை நான் மன்றத்தில் சொல்லவில்லை. தபால்காரர் மகள் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் காலனிக் கிணற்றை இறைத்துச் சேறு வாரினோம். பண்ணைக்காரர் மகனும் இறங்கினான். மறுநாள் காது சிவந்து வந்தான்.

"எங்கம்மா வூட்டுக்குள்ளயே உடல. மாட்டுக்கொட்டாய்லயே தலைக்கு ஊத்திக்கன்னு சொல்லிட்டாங்க. எங்கப்பா வேற காதப் புடிச்சி திருவுனாரு."

"மாடு ஒண்ணும் சொல்லலியா?" என்றான் கடைப் பையன்.

நான்கு நாளில் கிணறு மறுபடி கலங்கியது. ஊர்த்தெரு வரைக்கும் குழாய் வந்திருந்தது. அதைக் காலனி வரைக்கும் இழுக்கச் சொல்லிக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு கொடுப்பது என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியருக்குச் சொல்லவில்லை. மனுவில் உரிமை என்ற வார்த்தையைக் கடைப் பையன் மூன்று இடத்தில் போட்டான்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் எழுதும் வேலை எனக்கு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். பெயர், முகவரி, கைநாட்டு.

முகவரியில் இடித்தது. காலனியில் கதவு நம்பர் கிடையாது. தெருவுக்குப் பெயர் கிடையாது.

"முகவரி இல்லன்னா மனு செல்லாது" என்றான் கடைப் பையன்.

"எங்கப்பா எப்பிடி லெட்டர் குடுக்கறாரு? பெரிய பண்ணை ஆளு, ஏரிக்கரைப் பண்ணை ஆளு, அப்பிடித்தான் வரும். அதையே எழுது" என்றாள் தபால்காரர் மகள்.

கேட்டவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பேர் இன்னா என்றால் பேரோடு பண்ணையையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். எங்களுக்கு அதுதான் விலாசம். நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தவள்.

ஒழுங்காக இருக்கட்டும் என்று பண்ணை வாரியாகப் பிரித்தேன். பெரிய பண்ணைக்கு ஒரு தாள். ஏரிக்கரைப் பண்ணைக்கு ஒன்று. ஓட்டுவீட்டுப் பண்ணைக்கு ஒன்று. கைநாட்டு வைக்கப் பயந்தார்கள். கைநாட்டு என்றால் நிலம் போகும், வீடு போகும் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அம்மா வந்து முதல் ஆளாகக் கட்டை விரலை நீட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். நாற்பத்து மூன்று பேர்.

கொம்யூன் ஆபீசில் ஒருவர் மூன்று தாளையும் புரட்டிப் பார்த்தார்.

"யாரு எழுதனது? முத்து மாதிரி இருக்குது எழுத்து."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சம்பா நடவு வந்தது. நடவுக்கு முதல் நாள் சாயங்காலம் பண்ணையிலிருந்து ஆள் வந்து வேலைக்கு வரச்சொல்லிக் காலனியில் குரல் கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் குரல் வரவில்லை. காலையில் டிராக்டரில் வேறு ஊர்ப் பெண்கள் வந்து இறங்கினார்கள். அபிஷேகப்பாக்கம் பக்கம் என்றார்கள். மூன்று பண்ணை மோட்டார் கொட்டகைக்கும் முள்வேலி போட்டாயிற்று. நடவு இல்லையென்றால் கூலி நெல் இல்லை. தண்ணீரும் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பண்ணைக்காரர் மகன் பள்ளிக்கூடத்தில் என்னைத் தேடி வந்தான். தள்ளி நின்றே பேசினான்.

"அந்த பேப்பர் எங்கப்பா கையில இருக்குது. உன் எழுத்துதான்."

"மனுவா?"

"மனு இல்ல. எங்க பண்ணை ஆளுங்க தாள் மட்டும். மத்த ரெண்டும் அவங்கவங்க வூட்டுக்குப் போயிடுச்சி."

"நீ சொன்னியா?"

"சத்தியமா இல்ல. நான் கெஞ்சிப் பாத்தேன். பெல்ட்டால வாங்குனேன்."

சட்டையைத் தூக்கிக் காட்டப் போனான். வேண்டாம் என்றேன்.

ஆபீசில் யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. கொடுத்தவருக்கு வேலை அதிகம் இல்லை. யார் யாருடைய ஆள் என்று விசாரிக்க வேண்டியதில்லை. நான் பிரித்தே வைத்திருந்தேன்.

காலனியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எதிர்வீட்டுச் சித்தி மண்ணை வாரித் தூற்றினாள்.

"படிக்கப் போனாளாம், படிக்க! நாலு எழுத்து கத்துக்கினு நாப்பது வூட்டு அடுப்ப அவிச்சிட்டாளே! ஏண்டி, உன்ன யாருடி கேட்டது கொழா?"

சித்தி வீட்டில் ஐந்து பிள்ளைகள். மூன்று நாளாக அவர்கள் கேழ்வரகுக் கூழை உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மன்றம் கூடவில்லை. பலகையைக் கழற்றிவிட்டார்கள். கடைப் பையன் ஒருதரம் காலனி முனை வரைக்கும் வந்தான். அரிசிப் பை ஒன்றை வைத்துவிட்டுப் போனான். அவன் அப்பாவிடம் பண்ணைக்காரர்கள் பேசியிருந்தார்கள். பிறகு அவன் வரவில்லை.

ஆறாம் நாள் மூன்று பண்ணைக்கும் சேர்த்துப் பெரிய பண்ணைக் கணக்குப்பிள்ளை வந்தார். எல்லோரும் களத்துக்கு வந்து இன்னொரு காகிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகள் ஏமாற்றி வாங்கினார்கள், எங்களுக்குத் தண்ணீர்க் குறை இல்லை என்று எழுத வேண்டும். வைத்தவர்களுக்கு மறுநாளே வேலை.

"யார் எழுதுறது?" என்று ஒருவர் கேட்டார்.

"மொதல்ல எழுதனாளே, அவளே எழுதட்டும். நல்ல எழுத்து."

அன்று சாயங்காலம் அம்மா முறத்தில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுத மாட்டேம்மா" என்றேன்.

"எழுது. நீ எழுதலன்னா அதுங்களுக்கு நாளைக்கு கஞ்சி கெடையாது."

"தண்ணிக்கு கொறையே இல்லன்னு எழுதணும்மா."

"எழுதுடி."

"நீ வந்து வெப்பியா?"

முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். உமியை ஊதினாள்.

"எம் புள்ள இன்னா குடிச்சி செத்தான்?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் களத்தில் சாணம் மெழுகின தரையில் உட்கார்ந்து எழுதினேன். கணக்குப்பிள்ளை சொல்லச் சொல்ல எழுதினேன். குடிநீருக்கு யாதொரு குறையும் இல்லை என்ற இடத்தில் பேனா நின்றது. மை தீர்ந்ததா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி எழுதினேன். இந்த முறை பண்ணை வாரியாகப் பிரிக்கவில்லை. ஒரே தாள், இரண்டு பக்கமும். ஒவ்வொருவராக வந்து, கணக்குப்பிள்ளையைக் கும்பிட்டு "வணக்கம் ஆண்டே" என்று சொல்லிவிட்டு விரலை மையில் வைத்து அழுத்தினார்கள். எதிர்வீட்டுச் சித்தி என் பக்கம் பார்க்காமல் வைத்தாள். அவள் விரல் வழுக்கிக் கைநாட்டு அழிந்துவிட்டது. இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்கள்.

அவர்களுக்கு வேலை கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. அந்த மாதமே நானும் அம்மாவும் சுத்துக்கேணிப் பக்கம் கரும்பு வெட்டப் போனோம். என் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. கரும்புச் சோகை கையைக் கிழிக்கும். அம்மா அங்கேயே மூன்று வருஷம் வெட்டினாள், ஊருக்குத் திரும்பாமல் செத்தாள். காலனிக்குக் குழாய் பிறகு வந்தது. அந்தத் தண்ணீரை அவள் குடிக்கவில்லை.

அந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். எல்லோரும் வைத்து முடித்ததும் கணக்குப்பிள்ளை தாளை என்னிடமே நீட்டினார்.

"எண்ணு. நாப்பத்தி மூணு இருக்கணும்."

எண்ணினேன். சொன்னேன்.

"சரியா எண்ணு."

விரலை வைத்து ஒவ்வொன்றாக, முன்பக்கமும் பின்பக்கமும், மறுபடி எண்ணினேன்.

நாற்பத்திரண்டு.