மடியில் தண்டவாளத் துண்டு

எழுத்து எனக்குச் சரியாக வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சமயம், சவேனி ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒல்லியான இளைஞர் ஒருவர். மடியிலிருந்த கரும்பு ஏற்றும் ரயிலின் தண்டவாளத் துண்டை விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"என்னாத்துக்குப்பா?"

"இரும்பு எப்ப விரிசல் விடும்னு முன்கூட்டியே சொல்ற ஆராய்ச்சிம்மா. நாளைக்கு பிளேன்ல கொண்டுபோகணும்."

வழியில் பஸ்ஸை மறித்து ஏறிய சிப்பாய், "ஆயுதமா?" என்று அதட்டினான். இளைஞர் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டார். அவரை இறக்கிக் கொண்டுபோய்விடுவார்களே என்ற பயத்தில், "எங்க கோயில் மணி" என்றேன். தண்டவாளத் துண்டை மணியாகத் தொங்கவிட்டு அடிப்பது எங்கள் வழக்கம்.

சிப்பாய் அதைத் தூக்கிப் பிடித்துத் துப்பாக்கியால் தட்டினான். 'டொக்' என்றது. "செத்த மணி!" என்று சிரித்துவிட்டு இறங்கினான்.

நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். இளைஞரோ, "கேட்டீங்களாம்மா? உள்ள விரிசல் விழுந்திருக்கு!" என்று பூரித்தார். அவர் ஆராய்ச்சி எப்படி முடிந்ததோ! அது எந்த வருஷம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.