நான்காவது ஊசிக்குப் பிறகு

அந்த நாய் செத்துப்போனது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொல்லவில்லை.

இதைத்தான் இத்தனை ஆண்டுகளாக மறைத்து வைத்திருக்கிறேன். இனி நான் எழுதப்போவதெல்லாம் இதற்கு விளக்கம் மட்டுமே. விளக்கம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான் என்று உங்களுக்குத் தோன்றினால், அதுவும் சரியாகத்தான் இருக்கும்... அதில் பயிற்சி பெற்றவன் நான்.

எழுபதுகளின் நடுவில் புதுப்பட்டினம் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. பியூசி முடித்த வருடமே அத்தா காலமாகிவிட்டதால், கல்லூரி ஆசையை மூட்டை கட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன். கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டுமான வேலை மும்முரமாக நடந்த காலம் அது. எங்கிருந்தெல்லாமோ வந்த படித்த மனிதர்கள் என்னிடம் துண்டும் பனியனும் வாங்கிப்போனார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது என் முகம் தானாகக் குனிந்துகொள்ளும்.

அப்போதுதான் ஒரு பத்திரிகையின் மூலையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். ஆலோசனை, மன சிகிச்சை, உளப்பகுப்பாய்வு... பன்னிரண்டு பாடங்கள், எல்லாம் தபாலில், முடிவில் சான்றிதழ்! அன்றே எழுதிப்போட்டேன்.

வடக்கே ஏதோ ஓர் ஊரிலிருந்து மாதம் ஒரு பழுப்பு உறை வந்தது. மதியம் கடையைச் சாத்திவிட்டு, பின்கட்டில் துணி பேல்களுக்கு நடுவே அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். அறிவுரை சொல்லாதே, வந்தவர் கேட்பதை அவரிடமே திருப்பிக் கேள் என்றது ஆறாம் பாடம். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அச்சத்தைப் பற்றிய ஏழாம் பாடத்துக்கு, நானே ஒருவருடைய அச்சத்தைப் போக்கி, அந்த வரலாற்றை எழுதி அனுப்ப வேண்டும். பேச்சினால் மட்டுமே போக்கியிருக்க வேண்டும். வேறு எந்தச் சிகிச்சையும் கூடச் சேர்ந்திருந்தால் ஏற்கமாட்டார்களாம்.

அச்சத்தைத் தேடி நான் அலைய வேண்டியிருக்கவில்லை. அது என் கடை வாசலிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தது.

கன்னியப்பன் அத்தா காலத்திலிருந்து எங்கள் வாசலில் தைப்பவன். கெட்டிக்காரன், வாயாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அஞ்சலையை மாமல்லபுரம் பார்க்க அழைத்துப்போனான். கடற்கரையில் சங்கு, சோழி விற்கிற கடை ஓரத்தில் படுத்திருந்த நாய் எழுந்து வந்து அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. கடைக்காரர்தான் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட வேண்டும் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

காலை பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்புவான். அந்த வாயாடி பேச்சை மறந்துபோனான். தெருவில் நாய் குரைத்தால் மெஷினை விட்டு எழுந்து கடைக்குள் வந்து நிற்பான்.

முதல் ஊசி போட்டு வந்த மதியமே அவனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டேன். பாயில் படுக்கச் சொல்லி, தலைமாட்டில் அவன் கண்ணுக்குப் படாமல் நானும் உட்கார்ந்தேன், பாடத்தில் போட்டிருந்தபடியே. நான்கு மதியங்கள் பேசினான். சின்ன வயதில் அவன் தப்பு செய்தால் அவனுடைய நைனா, அதாவது அப்பா, வீட்டு நாயைக் கட்டும் சங்கிலியிலேயே அவனையும் கட்டிவைப்பாராம். அதைச் சொல்லும்போது அவன் விசித்து அழுதான். எனக்கோ உள்ளே சிலிர்த்தது! கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவனுடைய பயம் நாய்மேல் அல்ல, நைனாமேல் என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

ஐந்தாம் நாள் அவன் பஸ்ஸுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தான். முகம் தெளிந்திருந்தது.

"பாய், நாலு ஊசி போட்டுகினேன். பயமே நைனாவாலதான்னு ஆயிப்போச்சே... மிச்சம் பத்தும் போட்டுக்கணுமா?"

போ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டே இருந்தால், தேறியது என் பேச்சினால் மட்டும்தான் என்று எழுத முடியாதே! அந்த நேரத்தில் இதுதான் என் மனதில் ஓடியது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

"உனக்கு இன்னா தோணுது, கன்னியப்பா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்துக்கொண்டே மெஷினில் போய் உட்கார்ந்தான். தீபாவளித் துணி மலையாகக் கிடந்தது. தைக்க ஆள் வேண்டும் என்றுதான் நான் அவனைத் தடுக்கவில்லை என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். மறுக்கவில்லை நான். அந்தப் பழி எவ்வளவு சிறியது என்று எனக்கல்லவா தெரியும்!

ஒரு வாரம் கழித்து அந்த வரலாற்றைப் பதினோரு பக்கம் எழுதி, காலையில் தபாலில் சேர்த்தேன். அன்றே ஒரு வேலையாக மாமல்லபுரம் போனேன். எங்கள் கடையில் துணி எடுக்கிற அந்தச் சங்குக் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார்.

"அந்த நாயி மறுநாளே வெறி புடிச்சி வாயில நொர தள்ளிச்சு. அடிச்சிப் போட்டுட்டாங்க. உங்க டைலரு ஊசி போட்டுகினாரில்ல?"

"போட்டுகினாரு" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கடல் கூடவே வந்தது. இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்... சத்தியமாக நினைத்தேன். கடை வாசலில் அவன் வாயில் நூலைக் கடித்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். உறை இந்நேரம் ரயிலேறியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். நாளைக்குச் சொல்லலாம். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பானே என்ற பயம் வந்தது. யாருடைய அச்சத்தைப் போக்கினேன் நான்?

தீபாவளி போய் மழை பிடித்துக்கொண்டது. மெஷினை மிதிக்கும்போது காலில் கடித்த இடம் சுரீர் என்கிறது என்றான். பிறகு காய்ச்சல். ஒரு காலை டீ கிளாஸை வாய்க்கருகே கொண்டுபோனவன் தொண்டை இழுத்துக்கொண்டு கீழே போட்டான். கடைக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து, அந்தச் சத்தம் கேட்காத இடம் தேடிப் பின்கட்டுக்குள் ஓடி, துணி பேல்களுக்கு இடையில் நுழைந்துகொண்டான். அவன் படுத்துப் பேசிய பாய் அங்கேதான் சுருட்டிக் கிடந்தது.

அப்போதுகூட, ஒரு நொடி, என் மனம் ஏழாம் பாடத்தைத்தான் புரட்டியது! நீரச்சம், அதன் மூலம் என்ன என்று... என்னைப் போல ஒருவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

வண்டி பிடித்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். எத்தனை ஊசி போட்டது என்று டாக்டர் கேட்டார். அஞ்சலை நான்கு விரலைக் காட்டினாள். அவர் பேனாவை மூடி வைத்தார். மூன்றாம் நாள் கன்னியப்பன் போய்விட்டான்.

அதே வாரம் பழுப்பு உறை வந்தது. மிகச் சிறந்த வரலாறு என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். சிகிச்சை பெற்றவர் தற்போது எப்படி இருக்கிறார் என்று ஓரத்தில் ஒரு கேள்வி. நான் பதில் போடவில்லை. எட்டாம் பாடத்தைப் பிரிக்கவுமில்லை.

காரியம் முடிந்து மெஷினை எடுத்துப்போக அஞ்சலை வந்தாள். என்மேல் பாய்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். பாய்ந்திருந்தால் அன்றே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவளோ என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"உங்களாண்ட பேசின அப்பறம்தான் பாய் அது நிம்மதியா தூங்குச்சு. கடைசி ஒரு மாசம் சிரிச்சிகினே இருந்துச்சு." மெஷினைத் தூக்கப்போனவள் திரும்பி, "அந்த நாயி இன்னா ஆச்சுன்னு யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா பாய்?" என்று கேட்டாள்.

என் வாயில் வந்தது ஆறாம் பாடம்.

"உனக்கு இன்னா தோணுதும்மா?"

"தெரிஞ்சிருந்தா சொல்லாமலா இருப்பாங்க" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "எனக்கும் தூக்கம் வர்ல பாய். நானும் உங்களாண்ட வந்து பேசட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதைகூட எனக்கு இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து நான் கடைக்கு வரும் நேரம் பார்த்து வருவாள். கன்னியப்பனைப் பற்றிப் பேசுவாள். போகும்போது நாயைப் பற்றி அதே கேள்வியைக் கேட்பாள். நானும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். மனசு லேசாயிடுச்சு பாய் என்று சொல்லிப் போவாள்.

இப்போது அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. எனக்கும்தான். போன வெள்ளிக்கிழமையும் வந்தாள்... போன வெள்ளிக்கிழமையும் கேட்டாள்.